வாட வேண்டிய செடிகள்

உங்க ஜன்னலோரம் இருக்கிற மணிபிளான்ட்டுக்குத் தண்ணி ஜாஸ்தி ஊத்தறா, மேடம். இலை மஞ்சளாயிண்டு வரது பாருங்கோ, அது தாகத்துல இல்லை. வேர் அழுகறது. செடி கொஞ்சம் தொங்கினா போறும், எல்லாரும் சொம்பைத் தூக்கிண்டு ஓடி வந்துடறா. வாட்டத்துக்கு எத்தனையோ காரணம் உண்டு, அதைப் பிரிச்சுப் பார்க்கறதுதான் என் உத்தியோகமே. வாரத்துக்கு ரெண்டு தடவை ஊத்தினா போறும்னு பியூன்கிட்ட சொல்லி வையுங்கோ.

சரி, ரெகார்டரைப் போட்டுக்கோங்கோ. பேர் சுந்தரராமன். வயசு ஐம்பத்தொன்பது. ஜாகை மயிலாப்பூர், சித்திரகுளத்துக்குப் பின்னாடி. ராஜா அண்ணாமலைபுரத்துல ஒரு தனியார் பயிர் நோய் லேப்ல முப்பத்தோரு வருஷமா கிருமிகளைப் பராமரிக்கிறேன். டாக்டர் பட்டமெல்லாம் கிடையாது, வெறும் எம்.எஸ்ஸி. ட்யூபுக்குள்ள ஊட்டம் போட்டு வளர்க்கிற கிருமியை நாங்க கல்ச்சர்னு சொல்லுவோம். அதனால ஆராய்ச்சிக்கு வர குழந்தைகள் எல்லாம் என்னை கல்ச்சர் மாமான்னு கூப்பிடும்.

நீங்க என்னைக் கூப்பிட்டது வேற காரியத்துக்கு. எங்க லேப்ல தட்டு, ட்யூப் எல்லாம் கழுவற செண்பகம், அவ தம்பி சாவை விசாரிக்கிற உங்ககிட்ட தானாவே வந்து எழுதிக் கொடுத்திருக்கா. லேப் கிருமி அவ கையில ஒட்டிண்டு போய், தம்பி டில்லிபாபுவோட தக்காளியை அழிச்சுடுத்து, அந்த துக்கத்துலதான் அவன் செத்தான், அதுக்குத் தான்தான் காரணம்னு. இது நடக்கக்கூடிய விஷயமான்னு என்கிட்ட நிபுணர் அபிப்பிராயம் கேட்டு லெட்டர் போட்டேள். நடக்கலாம்னு ஒரு வரி எழுதித் தபால்ல அனுப்பிட்டு நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனா அவ எழுதினதுல ஒரு தப்பு இருக்கு. 'கொதிக்க வைக்காத தட்டையும் கழுவியிருக்கேன்'னு ஒரு வரி. அப்படி நடக்கவே நடக்காது, மேடம். உபயோகிச்ச தட்டெல்லாம் முதல்ல ஆட்டோகிளேவுக்குப் போகும். பெரிய பிரஷர் குக்கர்னு வெச்சுக்கோங்கோ. அதுல வெந்து கிருமியெல்லாம் செத்த அப்பறம்தான் கழுவற தொட்டிக்கு வரும். இத்தனை வருஷத்துல உயிரோட ஒரு தட்டு என் ரூமை விட்டு வெளியில போனதில்லை. அந்த வரி ஃபைல்ல நிக்கப்படாது. அதை எடுக்கணும்னா மத்ததையும் சொல்லியாகணும், அதனாலதான் நேர்ல வந்தேன்.

தக்காளிக்கு ஒரு வாடல் நோய் உண்டு. இலை ஓரம் கருகும், தண்டு வெடிக்கும், காய் பிடிக்கிற சமயத்துல செடி தலையைத் தொங்கப் போட்டுடும். அந்த நோயைக் கொண்டு வர பாக்டீரியாவை தொண்ணூத்தாறுல நானே ஒரு வயல்லேர்ந்து எடுத்துண்டு வந்தேன். வெளிர் மஞ்சளா, வெண்ணெய் தடவின மாதிரி வளரும். பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை அதைப் புது ஊட்டத்துக்கு மாத்தணும், இல்லைன்னா போயிடும். நான் ஒரு தவணைகூடத் தவற விட்டதில்லை. எங்கப்பா காரியம் நடந்துண்டிருந்தபோதுகூட ஒரு மத்தியானம் நழுவிப் போய் மாத்திட்டு வந்தேன். காமாக்ஷி, என் ஆம்படையா, அதுக்கு ஒரு மாசம் சரியாப் பேசலை.

மாத்தறபோது தட்டுல நூறு புள்ளி வளர்ந்திருக்கும். ஒரு புள்ளி ஒரு குடும்பம். அதுல ஒண்ணைத் தொட்டு எடுக்கணும். நான் எப்பவும் இருக்கறதுக்குள்ள பெருசா, கொழுகொழுன்னு, பளபளன்னு இருக்கிறதைத்தான் எடுப்பேன். மார்க்கெட்டுக்குப் போனா யாராவது சொத்தைக் கத்திரிக்காயாப் பார்த்துப் பொறுக்கிண்டு வருவாளா?

இப்ப ஒரு விஷயம் சொல்றேன், அது புரிஞ்சாத்தான் மத்தது புரியும். பாக்டீரியாவுக்குள்ள நீளமா ஒரு இழை இருக்கு. அது இல்லாம உயிர் வாழ முடியாது. அது தவிர, சின்ன வளையம் மாதிரி தனியா ஒண்ணு ரெண்டு இருக்கும். பிளாஸ்மிட்னு பேர். அது இல்லாமயும் பிழைச்சுக்கலாம். ஆனா இந்தத் தக்காளிக் கிருமிக்கு, செடியைக் கொல்ற ஆயுதம் அந்த வளையத்துலதான் இருக்கு. வளையம் போயிடுத்துன்னா அது செடிக்குள்ள போகும், குடியிருக்கும், ஒரு பாவமும் பண்ணாது. லேப்ல வேளாவேளைக்கு ஊட்டம் கிடைக்கிறது, ஆயுதம் எதுக்கு? பெருகறபோது எப்பவாவது ஒண்ணு வளையத்தைத் தொலைச்சுடும். தொலைச்சது மத்ததைவிட சித்த வேகமா வளரும். மூட்டை இல்லாம பஸ்ல ஏறினவன் சட்டுனு முன்னாடி போய் நிக்கறான் இல்லையா, அது மாதிரி. வேகமா வளர்ந்தா புள்ளி பெருசா இருக்கும். பெருசா இருக்கிறதை நான் எடுப்பேன். தொலைஞ்ச வளையம் தானாத் திரும்பி வராது.

இதெல்லாம் எனக்குத் தெரியாததில்லை. ஆரம்பத்துலயே ஒரு பிரதியை உறைய வெச்சுடணும், வருஷா வருஷம் ஒரு செடியில குத்தி வீரியத்தைப் பார்த்துக்கணும்னு முறை. லேபுக்கு ஃப்ரீசர் வந்தப்போ மத்தவா எல்லாம் அவாவா கிருமியைக் கொண்டு வந்து வெச்சா. நான் வைக்கலை, வருஷா வருஷம் செடியில குத்தியும் பார்க்கலை. உறைய வெச்சது கல்ச்சர் இல்லை, பிணம்னு சொல்லிச் சிரிப்பேன். எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, ஒத்துக்கறேன். என் கைக்கு ராசின்னு லேப்ல எல்லாருக்கும் ஒரு நம்பிக்கை வேற. புதுசா யார் ஆராய்ச்சி ஆரம்பிச்சாலும் முதல் தட்டை என்னை ஊத்தச் சொல்லுவா.

போன வருஷம் ஆகஸ்ட்ல ஒரு விதைக் கம்பெனி புது தக்காளி ரகம் ஒண்ணை அனுப்பித்து. வாடலைத் தாங்கறதான்னு பார்த்துச் சொல்லணும். மொட்டை மாடியில நிழல்வலைக்கு அடியில ரெண்டு பெஞ்ச் போட்டோம். ஒண்ணுல புது ரகம். இன்னொண்ணுல, இந்த நோய் வந்தா கட்டாயம் விழற ஒரு பழைய ரகம். ரெண்டுக்கும் ஒரே கிருமியை ஊசியால குத்தினோம். பழைய ரகம் வாடியே ஆகணும். அது வாடி, புது ரகம் நின்னாத்தான் புதுசு தாங்கறதுன்னு அர்த்தம். வாட வேண்டியது வாடலைன்னா பரிசோதனையே செல்லாது.

இருபத்தோரு நாளாச்சு. புது ரகம் நின்னுது. வாட வேண்டிய செடிகளும் ஜம்முனு நின்னுது, பூ வேற விட்டுண்டு.

ஒரு முக்காலியைப் போட்டுண்டு அதுகளையே பார்த்துண்டு ஒக்காந்திருந்தேன். எனக்கு அப்படி ஒரு கோவம் வந்தது. முறைப்படி பார்த்தா ரிஜிஸ்டர்ல என் கிருமிக்கு எதிர்க்க, குறிப்புங்கற இடத்துல, 'வீரியம் இழந்தது'ன்னு எழுதணும். இருபத்தெட்டு வருஷமா அந்த இடம் வெள்ளையா இருந்தது. மத்த ரிஜிஸ்டர்ல எல்லாம் சிவப்பு மசியில ஏதாவது கிறுக்கியிருக்கும். என்னுதைத்தான் புதுசா வரவாளுக்கு எடுத்துக் காட்டுவா.

செண்பகத்தைக் கூப்பிட்டு அந்த பெஞ்சுக்கு மட்டும் நாலு நாள் தண்ணி விடாதேன்னு சொன்னேன். அவதான் மாடியிலயும் தண்ணி ஊத்தறவ. பதினெட்டு வருஷமா எங்ககிட்ட இருக்கா. முன்னெல்லாம் அடையாறு ஆத்தங்கரையில குடிசை, நடந்தே வந்துடுவா. அதையெல்லாம் எடுத்துட்டு பெரும்பாக்கத்துல வீடு கொடுத்தப்பறம் விடியறதுக்கு முன்னாடி கிளம்பி ரெண்டு பஸ் மாறி வரா. ஒரு நாள் லேட்டானதில்லை. ஒழுங்குன்னா எனக்குப் பிடிக்கும், அதனால அவளையும் பிடிக்கும்.

மூணாம் நாள் காலம்பர மாடிக்குப் போறேன், தொங்கிண்டிருந்த ரெண்டு வரிசை நிமிர்ந்து நிக்கறது. "தண்ணிக்கு ஏங்கிக்கினு கீது சார், பாக்க பாவமா இருந்துச்சு, ஒரு மக் ஊத்திட்டேன்"னு கையைப் பிசைஞ்சுண்டு நின்னா. நான் திட்டலை. இது பரிசோதனை செண்பகம், நீ தெரியாம கை வெச்சா ஊர்ல எத்தனையோ பேர் பயிர் கெட்டுப்போயிடும்னு மெதுவாத்தான் சொன்னேன். அவ முகம் வெளிறிப்போச்சு. அதுக்கப்பறம் அந்தப் பக்கமே வரலை. ஒரு நாள் கூடுதலா ஆச்சு, வேற ஒண்ணுமில்லை.

செடிகள் வாடிடுத்து. ஃபோட்டோ எடுத்தேன். தண்ணி இல்லாம வாடறதுக்கும் கிருமியால வாடறதுக்கும் வித்தியாசம் தண்டைப் பிளந்தாத்தான் தெரியும், ஃபோட்டோல தெரியாது. 'பழைய ரகம்: முழுவதும் வாடியது'ன்னு எழுதினேன். அது பொய் இல்லை, மேடம். வாடித்தான் இருந்தது.

இருந்தாலும் மனசு கேக்கலை. ஆஃப்ரீன்னு ஒரு பொண்ணு அப்பத்தான் ஆராய்ச்சிக்கு சேர்ந்திருந்தா. பேர் ஒட்டாம என் கிருமியை ஒரு ட்யூப்ல போட்டுக் கொடுத்து, இதுலேர்ந்து பிளாஸ்மிட்டைப் பிரிச்சுக் காட்டு, பழகிக்கோன்னேன். ஜெல்னு, ஜெல்லி மாதிரி ஒரு பலகையில ஓட விட்டு விளக்குல பார்த்தா, வளையம் இருந்தா பளிச்சுனு கோடு தெரியும். ஒண்ணும் தெரியலை. "மாமா, நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?"ன்னு கேட்டா. கழுவறபோது விட்டிருப்பே, மறுபடி பண்ணுன்னேன். மூணு தடவை பண்ணினா. மூணு தடவையும் காலி. மூணாவது தடவை அழுதுட்டா. சுத்தமாத்தான் பண்ணியிருந்தா, நல்ல கை. எனக்கு இந்த வேலை வராது மாமான்னு சொல்லிண்டு அடுத்த மாசம் விட்டுட்டுப் போய் பி.எட். சேர்ந்துட்டா. டீச்சர் வேலை பெண்களுக்கு சௌகரியம்தான்.

அவ மூணாவது ஜெல்லைக் காட்டினது வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை நான் ரிப்போர்ட்ல கையெழுத்துப் போட்டேன். இந்த ரகம் வாடலைத் தாங்கும்னு. யாரும் என்னை நிர்ப்பந்திக்கலை. கம்பெனிக்காரா ஒரு டப்பா ஸ்வீட்கூடக் கொடுக்கலை. எதையாவது வாங்கிண்டு பண்ணினேன்னு எழுதினா உங்களுக்கும் சுலபமா இருக்கும், படிக்கிறவாளுக்கும் புரியும். ஆனா அது நிஜமில்லை.

அதுக்கு அடுத்த வாரம் செண்பகம் வந்து நின்னா. ஆத்தங்கரையை காலி பண்ணினப்போ அவ தம்பி டில்லிபாபு பெரும்பாக்கத்துக்குப் போகலை. பாஞ்சாலின்னு ஒரு பொண்ணைக் கட்டிண்டு, அவ ஊர்ல, திருக்கழுக்குன்றம் தாண்டி, ரெண்டு ஏக்கர் குத்தகைக்கு எடுத்து வெள்ளாமை பண்ணிண்டிருந்தான். இனிமே எவனும் வந்து எங்களைக் கிளம்புன்னு சொல்ல மாட்டான்னு சொல்லிண்டிருப்பானாம். ஒரு போகம் சரியா வரலைன்னாலும் நிலத்துக்காரர் குத்தகையை எடுத்துடுவார்னு செண்பகமே ஒரு தடவை சொல்லியிருக்கா.

"நம்ம லேபுல பாஸாச்சே சார், அந்தத் தக்காளி. அத்த எந்தம்பி போடலாமா?"ன்னு கேட்டா.

நான் சித்த யோசிச்சேன். வேண்டாம்னு சொன்னா ஏன்னு கேப்பா. அவகிட்ட ஒரு காரணம் சொன்னா அது மத்தியானத்துக்குள்ள லேப் பூரா தெரிஞ்சுடும். தாராளமாப் போடச் சொல்லுன்னேன். பரிசோதனைக்கு வந்த விதையில மிச்சம் இருந்தது, கடைக்கு வரதுக்கு முன்னாடியே அவனுக்குக் கிடைக்கட்டும்னு நானே எடுத்துண்டு வந்தேன். மேஜை மேல வெக்கப் போனேன், அவ தடுத்துட்டா. "மேல வெக்காதீங்க சார், உங்க கையால குடுங்க. உங்க கைராசி அவனுக்கு வரட்டும்"னு முந்தானையை ஏந்தினா. போட்டேன். நிஜமாவே அவனுக்கு நன்னா வரணும்னுதான் நினைச்சேன். அந்தப் பக்கத்து மண்ணுல வியாதி இல்லாம இருந்தா நன்னாவே வந்திருக்கும்.

மார்ச்ல அக்காவும் தம்பியுமா வந்தா. அவனை அன்னிக்குத்தான் முதல் தடவையாப் பார்த்தேன், ஒல்லியா, வெயில்ல கருகினவன். சிமெண்ட் சாக்குல ரெண்டு செடியை வேரோட கொண்டு வந்திருந்தான். காய் பிஞ்சு பிஞ்சாத் தொங்கிண்டிருந்தது. தண்டைப் பிளந்தேன். பழுப்புக் கோடு. அமுக்கினேன், மஞ்சளாக் கசிஞ்சுது. தொண்ணூத்தாறுல நான் பார்த்த அதே வியாதி. உங்ககிட்ட மறைக்கப்படாது, எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாக்கூட இருந்தது, காணாமப் போனவாளைத் திரும்பப் பார்த்த மாதிரி.

என்ன மருந்து அடிக்கலாம்னு கேட்டான். உள்ள போயிட்ட அப்பறம் மருந்து கிடையாது, பிடுங்கி எரிச்சுடுன்னேன். அது சரியான யோசனை, எந்த நிபுணரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவா. அவன் தலையை ஆட்டிண்டான். லேப் வாசல்ல செருப்பை மாட்டிண்டு ரொம்ப நேரம் அப்படியே நின்னுண்டிருந்தான்னு வாட்ச்மேன் சொன்னான்.

செண்பகம் மட்டும் திரும்பி உள்ள வந்தா. பரிசோதனையில தாங்கின செடிக்கு எப்படி சார் வந்துதுன்னு கேட்டா. நியாயமான கேள்வி. நான் பிளந்த தண்டைக் காகிதத்துல சுருட்டிண்டிருந்தேன். அவ தன் கையையே பார்த்துண்டிருந்தா.

"நான் தினிக்கும் அந்தக் கிருமித் தட்டத்தான கழுவறேன் சார். அவன் நாத்து நட்டப்போ நானும் போயி கூட நட்டேன். எங்கையில ஒட்டிக்கினு போயிருக்குமா?"

இருக்கலாம்னு சொன்னேன்.

அந்த ஒரு வார்த்தைதான், மேடம். அதுக்கு மேல நான் ஒண்ணும் சேர்க்கலை. விஞ்ஞானத்துல எதையும் திட்டவட்டமா இல்லைன்னு சொல்லப்படாதுன்னு எங்களுக்குப் பழக்கம். ஆனா அந்த நிமிஷம் எனக்குத் தெரியும். அவ கைக்கு வர தட்டுல இருக்கிறது செத்த கிருமி. உயிரோட இருந்தாலும் அது வளையம் இல்லாத கிருமி, ஒரு செடியையும் கொல்லாது. அவ பேர்ல தப்பில்லைன்னு நிரூபிக்க உலகத்துல ஒரே ஒரு சாட்சிதான் இருந்தது, அது என் ட்யூப்ல இருந்தது. அதைக் காட்டினா என் ரிப்போர்ட் போயிடும். அவளுக்கு ஆறுதலா ஒண்ணு சொன்னேன். நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், மேல தெரிஞ்சா உன் வேலை போயிடும், அதனால நீயும் வாயைத் திறக்காதேன்னு. அவ என் காலைத் தொட்டுக் கும்பிட்டா.

அவ வாயைத் திறக்காம இருக்கலை. நேரா தம்பிகிட்ட போய்ச் சொல்லிட்டா. அந்த ஜனங்களுக்கு மனசுல எதையும் வெச்சுக்கத் தெரியாது. டில்லிபாபு கோச்சுக்கலையாம். நீ இன்னாக்கா பண்ணுவேன்னானாம். வயலை எரிச்சான். நிலத்துக்காரர் குத்தகையை எடுத்துண்டார். ஏப்ரல்ல அவன் செத்துப்போனான். எப்படிங்கறது உங்க ஃபைல்ல இருக்கும், நான் சொல்ல வேண்டாம்.

சாவுக்குப் போனவளை பாஞ்சாலி வாசல்லயே நிறுத்திட்டா. "அந்தக் கைய வெச்சிக்கினு அவர தொடாத"ன்னாளாம். தம்பியைத் தூக்கி வளர்த்தவ, எட்ட நின்னு பார்த்துட்டு வந்துட்டா. மூணாம் நாள் வேலைக்கு வந்து இதை என்கிட்ட சொல்றபோது அவ அழலை. எனக்குத்தான் கண்ணுல ஜலம் வந்துடுத்து. ஆத்துல போய்ச் சொன்னேன், காமாக்ஷியும் அழுதா. மறுநாள் அவளுக்காகப் புளியோதரை கட்டிக் கொடுத்தனுப்பினா.

அதுக்கப்பறம் அவ கையைக் கழுவ ஆரம்பிச்சா. தட்டு கழுவறதுக்கு முன்னாடி, கழுவின அப்பறம், பஸ் ஏறறதுக்கு முன்னாடி. லேப் தரையைத் துடைக்கிற மருந்தைத் தண்ணி கலக்காம ஊத்தித் தேச்சுப்பா. விரலெல்லாம் தோல் உரிஞ்சு சிவப்பா இருக்கும். நான் கையுறை வாங்கிக் கொடுத்தேன், களிம்பு வாங்கிக் கொடுத்தேன். அந்த லேப்ல வேற யாரும் அவ கையைத் திரும்பிக்கூடப் பார்க்கலை.

ஜூன்ல அவ பொண்ணுக்குப் பெண் குழந்தை பொறந்தது. நிலான்னு பேர் வெச்சிருக்கா. குழந்தையைத் தூக்கலாமா சார்னு என்கிட்ட வந்து கேட்டா. செடிக்கு வர கிருமி மனுஷாளை ஒண்ணும் பண்ணாது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனா அன்னிக்கு இருக்கலாம்னுட்டு இன்னிக்கு ஒண்ணும் பண்ணாதுன்னா, அப்போ அது எப்படி, இது எப்படின்னு அவ யோசிக்க ஆரம்பிச்சுடுவா. கேள்வி கேக்கத் தெரிஞ்சவ அவ. கொஞ்ச நாள் போகட்டும் செண்பகம்னு சொன்னேன். குழந்தைக்கு இப்ப மூணு மாசம் முடிஞ்சுடுத்து. இன்னும் அவ தொடலை. ஃபோன்ல ஃபோட்டோ வெச்சிருக்கா, அதைத் தொடறதுக்கு முன்னாடியும் கையைத் துடைச்சுக்கறா.

இனி கடைசி விஷயம். டில்லிபாபு கொண்டு வந்த செடியிலேர்ந்து கிருமியை நான் தனியாப் பிரிச்சு வெச்சேன். நானே ஜெல் ஓட்டிப் பார்த்தேன். வளையம் பளிச்சுனு இருந்தது. அதை என் பழைய ட்யூப் நம்பர்ல, பழைய பேர்ல, பழைய இடத்துல வெச்சுட்டேன். இப்ப உங்க ஆள் யார் வந்து சோதிச்சாலும் என் கல்ச்சருக்கு வீரியம் இருக்கும், ரிப்போர்ட் சரியா இருக்கும். பழையதை ஆட்டோகிளேவ்ல வெச்சுட்டேன். இருபத்தொன்பது வருஷமா என் கையால வளர்ந்தது. அன்னிக்கு எனக்கு சாப்பாடு இறங்கலை.

அதனால நான் இப்ப சொன்ன எதுக்கும் அத்தாட்சி கிடையாது. ஆஃப்ரீனைக் கேட்டா, தனக்கு ஜெல் ஓட்டத் தெரியலைன்னுதான் சொல்லுவா. ரிஜிஸ்டரைப் பார்த்தா ஒரு அடித்தல் திருத்தல் இருக்காது. அந்த ரகத்தை கம்பெனிக்காரா ஆடியில கடைக்குக் கொண்டு வந்துட்டா, நாலு மாவட்டத்துல நட்டிருக்காளாம். ஐப்பசியில காய் பிடிக்கும். இனிமே யார் என்ன சொன்னாலும் நட்டது நட்டதுதான்.

நேத்திக்கு மத்தியானம் செண்பகத்துகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். இங்க வரதுக்கு முன்னாடி அவளுக்குத் தெரியணும், அது மரியாதைன்னு பட்டது. தொட்டி பக்கத்துல ஸ்டூலைப் போட்டுண்டு, உங்களுக்குச் சொன்ன மாதிரியே, வளையம், தண்ணி விடாத பெஞ்ச், இருக்கலாம்னு சொன்னது, குழந்தை விஷயம், எல்லாம் சொன்னேன். உன் கையில ஒண்ணுமில்லை, ஒருநாளும் இருந்ததில்லைன்னேன். அவ கடைசி வரைக்கும் கேட்டுண்டிருந்தா. குழாயை மூடிட்டு, புண்ணாயிருந்த கையை ரெண்டையும் சேர்த்துக் கும்பிட்டா.

"என்னிய காப்பாத்தறதுக்கோசரம் உங்க மேல போட்டுக்காதீங்க சார். உங்க கையால ஒண்ணு கெட்டுச்சின்னா எவன் நம்புவான்? நீங்க நல்லா இருக்கணும்"னு சொன்னா.

நான் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். அவ என்னைப் பார்த்து, ஜுரத்துல பேத்தறவாளைப் பார்க்கிற மாதிரி, பரிதாபமாத் தலையை ஆட்டினா. அப்பறம் குழாயைத் திறந்து மறுபடி கழுவ ஆரம்பிச்சுட்டா. முப்பத்தோரு வருஷம் ஒருத்தன் ஒழுங்கா இருந்துட்டா, அவன் நிஜத்தைச் சொன்னாலும் ஜனங்கள் நம்ப மாட்டேங்கறா. அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?

ஆக, அந்த 'கொதிக்க வைக்காத தட்டு'ங்கற வரியை எடுத்துடுங்கோ. அவளை நான் ஒருநாளும் காட்டிக் கொடுக்கலைங்கறதையும் சேர்த்துக்கோங்கோ, அது முக்கியம். கையெழுத்து எங்க போடணும்னு காட்டினா நான் கிளம்பறேன். இன்னிக்குப் பதினஞ்சாம் நாள், கல்ச்சரை மாத்தணும். இந்த பாண்டி பஜார் நெரிசல்ல ஆட்டோ கிடைக்கறதுக்கே அரை மணி ஆகும். சாயங்காலத்துக்குள்ள போகலைன்னா வாடிடும். அந்த ஒரு ட்யூபைத் தவிர்த்தா, இத்தனை வருஷத்துல என் கையில எதுவும் செத்ததில்லை, மேடம்.